இரும்பு கேட்

நகரத்தில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு டாக்டர் பிரமிளா இந்த ஊரில் வீடு வாங்கினாள். வாசலில் ‘கால்நடை மருத்துவர்’ என்று பலகை மாட்டி இருபது நாளாயிற்று. ஒரு கோழிகூட வரவில்லை. இருபத்தோராம் நாள் உச்சி வெயிலில், மடி வீங்கிய பசுவை டவுன் வரை நடத்திப் போய் ஊசி போட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு வெள்ளைச்சாமியை அவள் மறித்தாள்.

“ஏண்ணே, நான் இங்கதானே இருக்கேன்?”

“ஆளில்லன்னு நெனச்சோம் டாக்டரம்மா. பகல்லயே கேட்டு சாத்திக் கெடந்துச்சே.”

“பெல் அடிச்சிருக்கலாம்ல?”

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஆளில்லாத வீட்டுல பெல்லடிச்சு என்ன செய்ய?”

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்று மாலையே வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு, அந்தக் கனத்த தகட்டு கேட்டைக் கழற்றச் சொன்னாள்.

“இதக் கழட்டி எங்கம்மா வைக்க?”

வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஓடும் வாய்க்காலைக் காட்டினாள். தாண்டுவதற்கு ஒற்றைக் கல் மட்டும் கிடந்த இடத்தில் கேட் குறுக்கே மல்லாந்தது. அவன் மேலே ஏறி இரண்டு தடவை குதித்துப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் இரும்பு அதிர்ந்தது. நாலு கால், எண்ணினாள். பின்னாலேயே இன்னொரு நாலு. வாயைக் கொப்பளித்துவிட்டு, மாடு பார்க்கும்போது மாட்டிக்கொள்கிற, தோள்வரை ஏறும் நீளக் கையுறைகளைத் தேடப் போனாள்.