ஏழு நாள் ஊறிய வில்லை

"மறுபடியும் தண்ணி குடிச்சிருக்குது!"

தராசில் இருந்த, சோதனைக்காக வார்த்த பிசின் வில்லையை எடுத்து மேசைமேல் போட்டார் சூப்பர்வைசர் கொளஞ்சிநாதன்.

ஏழு நாள் தண்ணீரில் கிடந்தாலும் வில்லையின் எடை அவ்வளவாக ஏறக்கூடாது. எபாக்ஸிப் பிசினோடு சிலிகான் கலப்பதே அதற்காகத்தான். இதுவோ மூன்றாவது முறையாக ஏறியிருந்தது. கரண்டுக் கம்பத்துக்குப் போக வேண்டிய இன்சுலேட்டர்கள் அத்தனையும் கழிவு.

"கலவை சரியாத்தான் இருக்குது. அச்சுலதான் ஈரம். தொடைக்கிறது யாரு?"

எல்லார் கண்ணும் காசியம்மாள் மேல் போனது.

"ஏம்மா, இது பீங்கான் இல்ல, ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் போச்சுன்னு எத்தினி தடவ சொல்லியிருக்கேன்?"

"சொல்லியிருக்கீங்க சார்."

"அப்புறம்? வூட்டு நெனப்புலயே தொடைக்கிறியா?"

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள்.

"இன்னொரு தடவ கெட்டா ஆளை அனுப்பிடுன்னு போன தடவையே சொல்லிட்டாரு மொதலாளி. சனிக்கிழமையோட நின்னுக்கம்மா."

பக்கத்தில் நின்ற திரௌபதிக்குப் பொறுக்கவில்லை. "பெண்ணாடத்துலேர்ந்து பஸ்ஸு ஏறி வருது சார். அது சம்பளத்துலதான் வூடே ஓடுது."

"அதுக்கு? தப்பு பண்ணவங்க போய்த்தான் ஆவணும்."

பீங்கான் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, 2006 பொங்கலுக்குப் பிறகுதான் இங்கே மாறி வந்தவர் கொளஞ்சிநாதன். வந்த இடத்தில் பேர் கெட்டுவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு.

சனிக்கிழமை காலை. பீங்கான் ஷெட் வழியாக வந்தவர், வழக்கம்போல் அச்சு வரிசையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். பின்னால் ஏதோ அரவம். திரும்பினார்.

காசியம்மாள் உலர்ந்த துணியோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

"காலையிலேயே தொடச்சாச்சு இல்ல? மறுபடி எதுக்கு?"

"நீங்க பாத்துட்டுப் போன பெறவு தெனமும் இன்னொரு தடவ தொடைப்பேன் சார். கெட்டதெல்லாம் வார்த்த அந்த மூணு நாளு மட்டும், காலையில தொடச்சதுமே என்னைய பேக்கிங்குக்கு அனுப்பிட்டீங்க. திங்கக்கெழமையிலேர்ந்து தொடைக்கச் சொல்லி திரௌபதிகிட்ட சொல்லியிருக்கேன்."

"நான் பாத்த பெறவா? ஏன்?"

அவள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார்.

பீங்கான் அச்சைத் துடைக்கிற ஈரப் பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வருகிற வழியில் அதை எப்போது எடுத்தார் என்பது அவருக்கே ஞாபகம் இல்லை.

பஞ்சைக் கீழே வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, காசியம்மா?"

"அத்தினி பேரு முன்னாலயா சார்?"