துடைத்த நீலம்

"அழிக்கச் சொன்னது நீதானேடி கோமதி..." "சொன்னேன், இப்ப மறுபடி பூசச் சொன்னது யாரு?" என்று தங்கை குறுக்கே பாய்ந்தாள். பூங்கோதை கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடல் ஏற ஏற ஊருக்குள் எந்தெந்தத் தெரு முங்கும் என்று நீலம் பூசிக் காட்டும் இணையதளம் அவளுடையது. அந்த ஊரில் வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கும் முன்னே அவள் படத்தைத்தான் பார்ப்பார்கள். போன வருடம் கோமதியின் வீடு விலைபோகாமல் கிடந்தபோது, அந்த ஒரு தெருவின் நீலத்தை மட்டும் துடைத்துவிட்டாள். ஒரே வாரத்தில் வீடு விற்றது. அதிலிருந்து அந்தத் தெரு வழியாக அவள் நடப்பதில்லை. இன்று காலை பழையபடி பூசிவிட்டாள். "ஊருக்கெல்லாம் நல்லவ, கூடப்பிறந்தவளுக்கு மட்டும் எமன்," என்றாள் கோமதி. "வாங்குனவங்க சும்மா விடுவாங்களா?" "விட வேணாம். கேக்கட்டும், எல்லாத்தையும் சொல்லிடுறேன்." சொல்லி வாய் மூடவில்லை, கைபேசி அடித்தது. வீட்டை வாங்கிய ரெபேக்காள். தங்கைக்கும் கேட்கும்படி பூங்கோதை அதை மேசைமேல் வைத்தாள். வசவு விழப்போகிறது என்று இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அக்கா, நல்லாருக்கீங்களா? உங்க படத்தை நம்பித்தானே இந்த வீட்டையே வாங்குனோம். இன்னிக்குப் பாத்தா எங்க தெருவுக்கும் நீலம் ஏறியிருக்கு, மாமியா காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. கை தவறிப் பட்டிருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன். கொஞ்சம் அழிச்சிடுறீங்களாக்கா?"