தனிப் பெட்டி

காலையிலிருந்து இதே விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி, கணினிக் கடை விற்பனையாளருக்குத் தொண்டை வறண்டிருந்தது.

“இந்த கேமிங் லேப்டாப்ல எல்லாம் உள்ளயே இருக்கு மேடம். எங்க வேணா தூக்கிட்டுப் போய் விளையாடலாம். அந்த மெலிசு லேப்டாப்புக்கு கிராஃபிக்ஸ் கார்டு தனிப் பெட்டியா வரும். அதை மாட்டினாத்தான் கேம் ஓடும்.”

“அந்தப் பெட்டிய தினமும் ஆபீசுக்குக் கொண்டுபோக முடியுமா?” வந்த பெண் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“செங்கல் மாதிரி கனக்கும். வீட்டு மேசையிலயே கிடக்க வேண்டியதுதான்.”

“அப்ப அதையே குடுங்க. என் வீட்டுக்காரருக்கு. அவரோட பழைய லேப்டாப் கெட்டுப்போச்சு.”

விற்பனையாளர் புரிந்துகொண்டவர் போலச் சிரித்தார். “வேலை நேரத்துல சார் விளையாடக் கூடாது. அதானே? ஆனா வீட்டுக்கு வந்ததும் அதுலயே பழியாக் கிடப்பாரே மேடம்.”

“கிடக்கட்டும்,” என்றாள் அவள். “விடச் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். பழைய கேமிங் லேப்டாப்ப வச்சுக்கிட்டு, வேலை முடிஞ்சும் ஆபீஸ்லயே உக்காந்திருப்பாரு. குழந்தை தூங்கின பிறகுதான் வருவாரு. இனிமே விளையாடறதுக்காவது வீட்டுக்கு வருவாருல்ல.”