கூடு இருந்த மரம்

"ஒரு மரத்தை வெட்டிட்டேன், கோகிலா."

கீர்த்திவாசனின் குரல் தழுதழுத்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்த கோகிலவாணி, கணவன் கையில் வீடியோ கேம் கன்ட்ரோலரைப் பார்த்ததும் நின்றாள்.

"விளையாட்டுலயா? பயந்தே போயிட்டேன்."

"விளையாட்டுன்னா பாவம் இல்லையா? வீடு கட்ட மரம் வேணும்னு கேட்டுது, வெட்டினேன். சாஞ்சப்புறம் பார்த்தா உச்சியில ஒரு கூடு. ஒரு காட்டையே முன்னாடி வெச்சு, கையில கோடாரியக் குடுக்கறானே இந்த கேம் பண்ணினவன், அவனுக்கு மனசாட்சி வேண்டாமா?"

பெங்களூர் வேலையை மலையிலிருந்தே பார்க்கலாம் என்று இருவரும் ஜெகதளாவுக்குக் குடிவந்து ஒரு மழைக்காலம்கூடக் கடக்கவில்லை.

"பத்துக் கன்னு நட்டுடுங்க, சரியாப் போயிடும்."

"சிரிக்காதே. நட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

ஜன்னல் பக்கம் திரும்பியவன் சட்டென்று எழுந்து வாசலுக்கு வந்தான். வீட்டு வேலை முடித்துக் கிளம்பிய வீரம்மா, கேட் ஓரம் வைத்திருந்த குச்சிக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்க வீரம்மா. என்ன இது?"

"மிலாறுங்க சார். எஸ்டேட்ல தேயிலையக் கவாத்து வெட்டுனாங்க. விழுற குச்சிய எங்கள மாதிரி தோட்டத்து லைன் ஊட்டுக்காரங்க எடுத்துக்கறது வழக்கந்தானுங்க."

"ஆளாளுக்கு ஒரு கட்டு தூக்கிட்டுப் போனா மலையில என்ன மிஞ்சும்?"

"நாங்க எதையும் வெட்டலீங்க. காஞ்சு கெடந்ததுதானுங்க. மக புள்ள பெத்து வந்திருக்கா, பச்ச ஒடம்புக்காரி. சுடுதண்ணி வைக்கோணும். கேஸ் தீந்துபோச்சுங்க."

"இப்படித்தான் எல்லாரும் ஒரு காரணம் சொல்றீங்க. காஞ்சதா இருந்தாலும் மண்ணுக்குச் சேர வேண்டியது. இங்கயே வெச்சுட்டுப் போங்க. எஸ்டேட் ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

வீரம்மா கோகிலவாணியைப் பார்த்தாள். கோகிலவாணி கேட்டைப் பார்த்தாள்.

கட்டை இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீரம்மா சரிவில் இறங்கிப் போனாள்.

"பாவங்க. தண்ணி சுட வைக்கத்தானே..."

"பாவம் பார்த்துப் பார்த்துதான் பாதிக் காடு போச்சு."

மறுபடி திரை முன் உட்கார்ந்தான். வெட்டிய மரத்தைச் சுற்றி ஒவ்வொரு கன்றாக நட்டான். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றினான். வெளியே பனிமூட்டம் இறங்கியது. ஹாலில் கணப்பு அடுப்பின் தீ மங்கிக்கொண்டே வந்தது.

"விறகு தீர்ந்துபோச்சுங்க," என்றாள் கோகிலவாணி, சால்வையை இழுத்துப் போர்த்தியபடி.

கீர்த்திவாசன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாசல்ல அந்தக் கட்டு இருக்கே, அதை எடுத்துப் போடு. காஞ்சதுதானே."