காலிக் கூண்டுகள்

“டாக்டர், ஓடி வாங்க! பஞ்சு என் விரலப் பாக்குதுலா!”

முயல்களைப் பராமரிக்கும் பிரமிளா போட்ட கூச்சலில், ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் அதிரா கோப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“முயலுக்குப் பேரு வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது, அக்கா?”

“பேரு கிடக்கட்டும். இங்க பாருங்க.”

பஞ்சுவின் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பிரமிளா விரலை இப்படியும் அப்படியும் அசைத்தாள். முயலின் தலையும் கூடவே அசைந்தது.

இன்னொரு கண்ணில் இருந்தது பிளாஸ்டிக் கருவிழி. அது கழன்று விழாமல் தாங்கிப் பிடிக்க, முயலின் வாயிலிருந்தே திசு எடுத்துச் சுற்றிலும் ஒட்டியிருந்தார்கள். மற்ற முயல்களுக்கு அந்தத் திசு ஒட்டவில்லை. ஒட்டாத முயல்களின் கூண்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. ஏன் என்று பிரமிளா கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் காலிக் கூண்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு வேறு தெரிந்துகொள்ள வேண்டுமா? படுபாவிகள் என்று மனசுக்குள் திட்டியதோடு சரி.

பஞ்சுவையாவது காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். அது கண்ணைச் சொறிந்து கெடுத்துக்கொள்ளாமலிருக்க, சாப்பாட்டு நேரத்திலும் மடியிலேயே வைத்திருந்தாள். விடுமுறை நாளிலும் சுங்கை பினாங்கிலிருந்து பஸ் ஏறி வந்து சொட்டு மருந்து விட்டாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் இவ்வளவு பார்த்ததில்லை.

அதிரா குனிந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள்.

“அருமையா ஒட்டியிருக்கு! எல்லாம் உங்க கைராசிதான், அக்கா.”

பிரமிளாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்ப பஞ்சு பாஸ்தானே? இனிமே அத ஒண்ணும் செய்ய மாட்டீங்கல்ல? நான் வீட்டுக்குக் கொண்டு போயிரட்டுமா, டாக்டர்? பிளாட்டுல கூண்டுகூட வாங்கி வச்சிட்டேன்.”

அதிராவின் முகம் மாறியது.

“முயல் வேணும்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக்கூடாதா, அக்கா? ஒட்டாத முயல எல்லாம், கேட்டவங்களுக்கு வளக்கக் கொடுத்துட்டோமே. ஒண்ணு எங்க வீட்டுலதான் கேரட் தின்னுக்கிட்டு இருக்கு.”

பிரமிளாவின் கை தானாகப் பஞ்சுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

“அப்ப... பஞ்சு?”

“திசு எப்படி ஒட்டுச்சுன்னு அந்தக் கண்ண எடுத்து, வெட்டித்தான் பாக்கணும்.” அதிரா அவள் முகத்தைப் பார்க்காமல் கையுறையை மாட்டிக்கொண்டாள். “கடைசி ஊசி போடறப்ப நீங்களே மடியில வச்சுக்குங்க, அக்கா. உங்ககிட்டன்னா அது பயப்படாது.”