மலைக்கோயில் படிகள்

தியாகராய நகரில் கடைவிளக்குகள் எரிகின்றன. காலையிலிருந்து நின்று கடுக்கும் கால்களை மாற்றி மாற்றி ஊன்றியபடி, வாங்காமல் பிரித்துப்போட்டுப் போன சேலைகளைத் தங்கம் மடிக்கிறாள். அடுக்கில் சாய்த்து வைத்த செல்போனில் மெக்சிகோவின் காலை வெயில். வஹாகா நகருக்கு வெளியே, மலைமேல் உள்ள பழைய கோயிலின் வெளுத்த கல்படிகளைக் காட்டிக்கொண்டே ஏறுகிறான், அங்கே வேலைக்குப் போன மகன் அஸ்வின். போன மாதம் நெஞ்சுச்சளியோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். "நம்மூர்ல இல்லாத கோயிலாக்கும்?" என்று கல்லாவிலிருந்து சிரிக்கிறார் கணவர் அய்யாதுரை. "கல்லையே காட்டுதியே, மொகத்தக் காட்டுலே" என்கிறாள் தங்கம். "நல்லாத்தாம்மா இருக்கேன். இன்னும் நாலே படி." அவள் மடிப்பதை நிறுத்துகிறாள். படத்தைப் பார்க்காமல், போனை எடுத்துக் காதோடு சேர்த்து, அவன் மூச்சு இரைப்பதையே கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.