பெயருக்கு விட்ட இடம்

"ஒன்று. பதினைந்து வருடங்களுக்கு முன் நடந்த வேலைநிறுத்தத்தில், எல்லோரும் வாசலில் நின்றிருக்க, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வேலைக்குப் போனது.

இரண்டு. சங்கத்தில் சேரச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பியும் சேராதது.

மூன்று. மூன்று வருடங்களுக்கு முன், சத்தமில்லாத கியர் கேட்டு நாம் பன்னிரண்டு நாள் தரையில் உட்கார்ந்தபோது, ஒரு நாள்கூட வந்து உட்காராதது.

நான்கு. நாம் போராடி வாங்கிய அந்தக் கியரைக் கழற்றிவிட்டு, காதைக் கிழிக்கும் கியரை மறுபடி கொண்டுவந்து மாட்டியது."

படித்து முடித்த பச்சமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

புதுச்சத்திரம் தாண்டி நாமக்கல் சாலையில் இருக்கிற கோழித்தீவன மில் அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் சங்கத் தலைவர் அவர்தான். அந்த நாற்காலிக்கு வேறு யாரும் வரவில்லை. சங்கம் கூடியே இரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்றைக்குத்தான் பதினோரு பேர் வந்திருந்தார்கள்.

புகாரில் குற்றவாளியின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அது அவருடைய முப்பது வருட வழக்கம். விசாரித்த பிறகுதான் பெயர் எழுதுவார். எழுதியதைச் சாட்சிகளுக்கு உரக்கப் படிப்பார். அதன் பிறகே கையெழுத்து.

கையெழுத்தான புகார் வந்தால், ஃபிட்டர் சென்னியப்பனை இன்றே வேலையைவிட்டு அனுப்பிவிடுவதாக முதலாளி நந்தகுமார் சொல்லியிருந்தார்.

சென்னியப்பன் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். பதினைந்து வருடமாக, அவர் சோற்றுப் போசியைத் திறக்கும் இடத்தில் வேறு யாரும் உட்காருவதில்லை.

"ஏனப்பா சென்னியப்பா. தீவனங் கலக்கற மிக்சர்ல மோட்டார் படுத்திருக்குது. கலக்கற தண்டு நட்டமா நிக்குது. நடுவுல ரெண்டு பெவல் கியர் கடிச்சுத்தான் சுத்தைத் திருப்பி உடுது. சரிதானே?" என்று கேட்டார் பச்சமுத்து.

"சரிங்க."

"வளைஞ்ச பல்லு சத்தமில்லாம ஓடும். நேர்ப்பல்லு கடகடங்கும். தேய்ஞ்சதை மாத்தச் சொன்னா, சேலத்துல வளைஞ்ச பல்லு கெடைக்கலையா?"

"கெடைச்சுதுங்க. ரெண்டு ஜோடியும் மேசை மேல வெச்சாங்க. ரெண்டுமே நல்ல ஸ்டீலுங்க."

"அப்ப வேணும்னேதான் நேர்ப்பல்லை எடுத்திருக்கற."

"வேணும்னேதானுங்க."

மூட்டை தைக்கும் பாவாயி முன்னால் வந்தாள். "கேட்டீங்களா தலைவரே. ஊட்டுக்குப் போனாலும் எம்பட காதுக்குள்ள அந்தக் கடகடதான். மவ கூப்புட்டாக்கூடக் கேக்கறதில்ல. இந்த மனுசனுக்கென்ன, பேசறதுக்கே ஆளில்ல. காது எதுக்கு?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சென்னியப்பனும் லேசாகச் சிரித்தார்.

"ஏன் எடுத்தே? காரணத்தையாச்சும் சொல்லு."

"அது எதுக்குங்க. பேரை எழுதிக்கங்க."

பச்சமுத்து பேனா மூடியைக் கழற்றினார். "துரோகிகிட்டக் காரணம் கேட்டது என் தப்பு."

"நான் சொல்றனுங்க."

மிக்சரில் வேலை செய்யும் ராசாத்தி எழுந்து நின்றாள். வலது கையை எப்போதும் போல முந்தானைக்குள் வைத்திருந்தாள். அதில் இரண்டு விரல்கள் இல்லை.

"வேண்டாம் சாமி, நீ உக்காரு," என்றார் சென்னியப்பன்.

அவள் உட்காரவில்லை. "அன்னைக்கு அரவை மிசினை நிறுத்துனாங்க. ஷெட்டே அமைதியாயிருச்சு. எல்லாம் நின்னுருச்சுன்னு நெனச்சு, ஒட்டிக்கிட்டிருந்த தீவனத்தைச் சொரண்டறதுக்கு மூடியைத் தெறந்து கையை உட்டேன். மிக்சரு சுத்திக்கிட்டே இருந்துருக்குது. துளி சத்தமில்லீங்க. புதுக் கியரு மாட்டி அப்ப நாப்பது நாளு."

ராசாத்தி சென்னியப்பன் பக்கம் கையை நீட்டினாள்.

"மூடியைத் தெறந்தா மோட்டார் தானா நிக்கற மாதிரி சுவிட்சு போடுங்கன்னு, இந்த அண்ணன் மூணு வருசமாக் கேட்டுக்கிட்டிருக்குது. முதலாளி பாக்கலாம் பாக்கலாங்கறாரு. அது வர்ற வரைக்கும், ஓடுற மிசினு ஓடுதுன்னு காதுல உளுவட்டும்னுதான் நேர்ப்பல்லு. எங்கிட்ட மட்டுந்தான் சொல்லுச்சு."

பாவாயி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

பச்சமுத்து மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் ஜெயித்த போராட்டம் அந்தப் பன்னிரண்டு நாள் போராட்டம் ஒன்றுதான். அதற்கு அச்சடித்த நோட்டீசைக் கண்ணாடி போட்டு, தன் ஒற்றை அறைச் சுவரில் மாட்டியிருந்தார். மற்றவர்கள் குடும்பப் படம் மாட்டுகிற இடம் அது. ராசாத்தியின் விரல்கள் போனபோதும் நோட்டீஸ் அச்சடித்தார். முதலாளியின் லாபவெறி என்று எழுதினார். கியரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இதை எங்கிட்ட வந்து சொல்றதுக்கென்னப்பா?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "எப்படிங்க சொல்றது? நீங்க செயிச்சது அது ஒண்ணுதானுங்களே."

வெளியே ஒரு முட்டை லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கிழிச்சுப் போட்டுருங்க தலைவரே," என்றாள் பாவாயி, மெதுவாக. "நாங்க வேலைக்குப் போறோம்."

"இருங்க. சுவிட்சுக்கு நாளைக்கு எல்லாரும் உக்காருவோம். இன்னைக்கு எடுத்ததை இன்னைக்கு முடிக்கோணும்."

அவர் மூன்றையும் நான்கையும் அடித்தார். ஒன்றையும் இரண்டையும் அடிக்கக் கை வரவில்லை. ஆனாலும் அடித்தார். கீழே ஒரு வரி எழுதினார். பெயருக்கு விட்டிருந்த இடத்தை நிரப்பினார்.

பிறகு எழுந்து நின்று, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, பதினோரு பேருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"ஓடுகிற மிசினின் சத்தத்தை யோசிக்காமல் அடக்கி, ராசாத்தியின் இரண்டு விரல்கள் போகக் காரணமானது. குற்றவாளியின் பெயர், பச்சமுத்து."